மகளின் இடது தோள்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். கொள்ளேகாலில் என் அம்மாவிடம் நான் வாங்கியதைத்தான் மைசூர் விஜயநகர் வீட்டில் என் மகளுக்குக் கொடுத்தேன். தமிழில் கேட்டதற்குக் கன்னடத்தில் பதில் சொன்னாள் என்று ஒரு அறை. போனைக் கீழே வைக்கவில்லை என்று இன்னொன்று. எனக்கு வலது கை பழக்கம். எல்லாம் அவள் இடது கன்னத்தில்தான் விழுந்தன. ஒருநாள் அடித்த வேகத்தில் அவள் தலை கதவு நிலையில் மோதி, கம்மல் கழன்று தெறித்தது. நான் முதலில் கம்மலைத் தேடினேன். அடிக்காமல் வளர்த்தால் பெண் உருப்படாது என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது இடது தோள் வலிக்கிறது என்றாள். பையை மாட்ட முடியவில்லை, தலை வாரக் கை எழவில்லை. சுளுக்கு என்று நானே முடிவு கட்டினேன். மைசூரில் சுளுக்கு என்றால் பலரும் போவது பழைய பயில்வான்களிடம்தான். மல்யுத்தத்தை விட்டுவிட்ட ஒருவர் தன் வீட்டு முன்னறையிலேயே எண்ணெய் போட்டு நீவிவிடுவார். அவரிடம் கூட்டிப்போனேன்.

அவர் முழங்காலை அவள் முதுகில் ஊன்றி, கையைப் பின்னால் முறுக்கி இழுத்தார். அவள் அலறினாள். பல்லைக் கடித்துக்கொள் என்று அதட்டி, அவள் தலையை என் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டவள் நான். சடக்கென்று ஒரு சத்தம் வந்ததும் சுளுக்கு விட்டது என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலையில் அவளுக்கு இட்லியைப் பிட்டு வைக்கக்கூட வாய் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டிருந்தது.

பல் டாக்டர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண். காதுக்கு முன்னால் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். மகள் தன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். தாடை மூட்டு வீங்கியிருக்கிறது, இவள் தூக்கத்திலும் பல்லை நெரிக்கிறாள், அந்தத் தசைகளின் இறுக்கம் கழுத்து வழியாகத் தோள் வரைக்கும் போகிறது என்று கன்னடத்தில் விளக்கினார். தோளை எவ்வளவு நீவினாலும் வலி போகாதாம். பிறகு, முகத்தில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்தேன் என்றாள் மகள், என் பக்கம் பார்க்காமல். எங்கள் வீட்டில் ஸ்கூட்டரே கிடையாது.

வேறு யாராவது அவளை இப்படி அடித்திருந்தால் அந்தக் கையை ஒடித்துப் போட்டிருப்பேன். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தலையாட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம், அவள் அதற்கும் வழி செய்து கொடுத்திருந்தாள். ஆனால் பொய்யை நம்பி டாக்டர் மருந்து எழுதினால் இந்தத் தோள் எப்போது ஆறும்? இத்தனை வருடம் பேசிய கன்னடம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"அவ எங்கயும் உழுவலைங்க. நாந்தானுங்க அடிச்சேன்," என்றேன்.

டாக்டருக்கு என் தமிழ் புரியவில்லை. புரியவைக்க வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

நாற்காலியில் இருந்த மகள் கண்ணை இறுக மூடினாள். பற்கள் நறநறத்தன. இடது தோள் காது வரைக்கும் ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

டாக்டர் எழுந்து வந்து, என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். மகளின் தோள் இறங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.