எருலிக் விருந்துக்குக் கூப்பிட்டவர்

செய்த்காலி கிழவருக்கு அஸ்தானா நகரத்தின் மேல் ஒரே ஒரு மனத்தாங்கல்தான். குடிவந்து இரண்டு குளிர்காலம் ஆகியும் அவரை யாரும் எருலிக் விருந்துக்குக் கூப்பிடவில்லை.

கசாக்கியருக்கு இது சின்ன விஷயமில்லை. ஓர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் குடிவந்தால், முன்னமே அங்கு இருப்பவர்கள்தான் அவரை வீட்டுக்கு அழைத்துக் கறிவிருந்து போட வேண்டும். அதுதான் எருலிக். வந்தவர் தானாகப் போய் அடுத்தவர் வாசலில் நிற்கக் கூடாது, அது மானக்கேடு. மானத்தில் கிழவர் கொஞ்சம் அதிகப்படி. அதனால் பதினோராம் மாடியில் சட்டை கசங்காமல் உட்கார்ந்து காத்திருந்தார். லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டார். முதலில் பேச வேண்டியது அவர்கள் அல்லவா? அவர்களோ காதில் எதையோ செருகிக்கொண்டு கைபேசியைப் பார்த்தபடி இறங்கிப் போனார்கள். இவர் கோபமாக இருப்பதுகூட ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கட்டடத்தில் எல்லாருமே புதுசு என்பதும், பாதிப் பேர் வாடகைக்கு வந்து போகிறவர்கள் என்பதும் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

அவர் ஒன்றும் எல்லாரோடும் ஒட்டி உறவாடியவர் இல்லை. எக்கிபாஸ்துஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் மண்வெட்டி இயந்திரம் ஓட்டியவர். வாயும் அதே ரகம், எதிரில் இருப்பதை வாரிப் போட்டுவிடும். அங்கே பக்கத்து வீட்டு ஒரின்பசாரோடு ஒரு வேலித் தகராறில் ஏழு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் இவர் மனைவி குல்யாஷ் உறைபனிக் காலத்தில் செத்துப்போனபோது, கடப்பாரையோடு முதலில் வந்தவர் அதே ஒரின்பசார்தான். இறுகிக் கிடந்த மண்ணை வெட்டி வெட்டிக் குழி தோண்டினார். தோண்டும்போதும் இவரைத் திட்டிக்கொண்டேதான் தோண்டினார். சண்டை போடவாவது அங்கே ஆள் இருந்தது.

மகள் ஜிபெக் அந்த வீட்டை விற்று, தன் பெயரில் இந்த அடுக்குமாடி வீட்டை வாங்கினாள். "வெந்நீர் வருது, லிஃப்ட் இருக்கு, ராஜா மாதிரி இருங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் புருஷனோடு வார்சாவுக்குப் போனாள். போகும்போது கட்டடத்து வாட்ஸப் குழுவில் தன்னையும் அப்பாவையும் சேர்த்துவிட்டாள்.

அந்தக் குழுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. யாருடைய கார் யார் இடத்தில் நிற்கிறது, எவர் வீட்டு நாய் லிஃப்டை நனைத்தது, எல்லாம் அதில் வரும். ஒருநாள் ஒருத்தி எழுதியிருந்தாள்: 'ஆறாவது மாடியில் நாற்றம் தாங்கவில்லை. குப்பையை வெளியே போடத் தெரியாதா? மிருகங்களா நீங்கள்?' அதன்கீழே ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் கதவை உடைத்தபோது தெரிந்தது, குப்பை இல்லை, மனுஷன். குழுவில் யாரோ ஓர் அழுமூஞ்சிப் படம் போட்டார். அடுத்த செய்தி கார் நிறுத்தும் இடத்தைப் பற்றி.

அன்றிலிருந்து கிழவரை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. சாவதற்கு அவர் பயப்படவில்லை. செத்தபின் குப்பை என்று வசைவாங்குவதற்குத்தான் பயந்தார். இந்தக் கட்டடத்தில் ஓர் ஆளுக்காவது, ஒரே ஓர் ஆளுக்காவது, தன் முகம் தெரிந்திருக்க வேண்டும். 'பெரியவரை ரெண்டு நாளாகக் காணோமே' என்று ஒரு வாய் சொல்ல வேண்டும். அது போதும்.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டுக்கு ஓர் இளம் ஜோடி சாமான்களோடு வந்து இறங்கியது. கதவிடுக்கில் பார்த்த கிழவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இப்போது பழைய ஆள் யார்? அவர்தான்! கூப்பிடும் உரிமை யாருக்கு? அவருக்குத்தான்!

சனிக்கிழமை காலையில் சந்தைக்குப் போய்க் குதிரைக் கறி வாங்கினார். குல்யாஷ் செய்வாளே, அதுபோல மாவைத் தேய்த்துத் தகடு போட்டார். பாதி கிழிந்தது, தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி தேய்த்தார். மீசையை மழித்தார். கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டார். கறி பதமாக வெந்துவிட்டதா என்று கீறிப் பார்த்ததும், சூடு ஆறுவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும் என்ற பரபரப்பில் ஓடிப்போய் எதிர்வீட்டு மணியை அழுத்தினார்.

கதவு திறக்கவில்லை. மணிப் பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் ரஷ்ய மொழியில் கேட்டது. "யாரு?"

"எதிர்வீடும்மா. எருலிக் கொடுக்கக் கூப்பிட வந்தேன்."

"என்னது? எங்களுக்கு எதுவும் வேணாம்."

"விக்க வரலம்மா! கறி வெந்திருச்சு, மாவு போட்டிருக்கேன். புருஷனையும் கூட்டிட்டு வா, சாப்பிடலாம்."

உள்ளே கிசுகிசுப்பு. பிறகு ஓர் ஆண் குரல். "பெரியவரே, எந்த மதக் கூட்டத்துலேர்ந்து வர்றீங்க?"

"மதமா? அட, நான் செய்த்காலிப்பா! இந்த எதிர்வீடு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க. மரியாதையா போயிடுங்க. காவலாளியக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு! அவனும் வந்து சாப்பிடட்டும்!" என்று கிழவர் கத்தினார். கத்தியிருக்கக் கூடாது. ஆனால் அவர் வாய்தான் தெரியுமே.

அவ்வளவு கறியை என்ன செய்வது? ரோஷத்தோடு அடுத்த கதவைத் தட்டினார். அதற்கடுத்ததையும் தட்டினார். படியேறி மேல்மாடியிலும் தட்டினார். ஒரு வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று நின்றது. ஒரு வீட்டில் குழந்தை "யாரோ தாத்தா" என்றது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்தபிறகுதான் பார்த்தார், கறி கீறிய கத்தி இன்னும் கையிலேயே இருந்தது.

கைபேசி இடைவிடாமல் சிணுங்கியது. குழுவில் ஒரு படம். வாசல் மணியின் கேமராவில் எடுத்தது, அதில் எந்த முகமும் கோணல்தான். மூக்கு உப்பி, நெற்றி சப்பி, கையில் கத்தியோடு ஒரு கறுப்புக் கோட்டு உருவம்.

'ஜாக்கிரதை! சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி வீடு வீடாக நோட்டம் பார்க்கிறான்.'

'எங்கள் வீட்டுக்கும் வந்தான். பைத்தியம்.'

'எந்த வீட்டுக்காரன்? யாருக்காவது தெரியுமா?'

'நம் கட்டடத்து ஆளே இல்லை.'

கிழவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நெஞ்சு காந்தியது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார்: 'அது நான்தான். பதினோராம் மாடி செய்த்காலி. கறி இன்னும் சூடாக இருக்கிறது.' அனுப்பப் போகும்போது வார்சாவிலிருந்து அழைப்பு வந்தது.

"அப்பா! குழுவப் பாத்தீங்களா?" ஜிபெக்குக்கு மூச்சு வாங்கியது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பார்த்துவிட்டாள். இனி அவளே எல்லாருக்கும் சொல்லிவிடுவாள். "பாத்தேன் கண்ணு. அது என்ன ஆச்சுன்னா..."

"நீங்க கதவத் திறக்கலயே? நல்லவேளை! படத்தப் பாத்ததுலேர்ந்து எனக்கு ஒரே பயம். கத்தி வேற வச்சிருக்கான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, திருட்டு முழி. உங்க பக்கம் வந்தானா?"

கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குது."

"அவன முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா" என்றார் செய்த்காலி. "இங்க யாருக்கும் அவனத் தெரியலயாம்."

"பாத்து இருங்கப்பா. எனக்கு வேலைக்கு நேரமாச்சு. தாழ்ப்பாளப் போடுங்க. போனக் கிட்ட வச்சுப் போடுங்க, சத்தம் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி."

அவர் எழுந்து போனார். கைபேசியைக் கதவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார்.

"கேக்கலப்பா. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை போட்டார்.