மூன்றாவது பூட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. நள்ளிரவுகூட இல்லை, பட்டப்பகல்.

எங்கள் ஆலையில் பெரிய தொட்டியைக் கழுவ இறங்குகிறவன், முதலில் அதற்குள் நீராவி விடும் வால்வை மூடிச் சங்கிலி சுற்றித் தன் பூட்டைப் போடுவான். சாவி அவனிடமே இருக்கும். அவனே வந்து திறக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. சங்கிலிக்கு மேல் சூப்பர்வைசர் ஈய சீல் வைப்பார்; அதை உடைக்காமல் சங்கிலியில் எதையும் மாட்டவோ கழற்றவோ முடியாது.

அன்று இறங்கியது நானும் என் மச்சினனும். அவன் வேலைக்குப் புதுசு. "உங்கள நம்பித்தான் என் தம்பிய அனுப்புறேன்" என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

வேலை முடிந்தது. ஏறி வந்தோம். சீல் உடையாமல் இருந்தது. சூப்பர்வைசர் அதை வெட்டினார். மச்சினன் தன் பூட்டைத் திறந்தான்.

"மாமா, டார்ச்ச எங்கயோ வெச்சுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்."

போனான். நான் என் பூட்டைத் திறந்தேன்.

சங்கிலியில் இன்னொரு பூட்டு இருந்தது. துருப்பிடித்த பூட்டு...

"சார், நாங்க ரெண்டு பேருதானே? சீலும் உடையலையே?"

"எவனோ மறந்துட்டுப் போயிருப்பான். அறு."

ரம்பத்தை என் கையில் திணித்தார். தொட்டியின் மேலே இருந்து ஃபிட்டர் கத்தினார்: "மூடிய முடுக்கியாச்சு!"

அறுத்தேன். வால்வைத் திறந்தேன். நீராவி இரைந்து ஓடியது.

டங்...

தொட்டிக்குள் இருந்து.

டங்... டங்... டங்...

டார்ச்! எனக்கு உயிரே போய்விட்டது. அவன் திரும்ப உள்ளே இறங்கிவிட்டானா?

வால்வைத் திருப்பினேன். அசையவில்லை. சூப்பர்வைசரும் சேர்ந்து தொங்கினார். இப்போதுதான் ஒற்றைக் கையால் திறந்த வால்வு அது.

டங்... டங்...

அலறினேன். என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை.

டங்...

நின்றுவிட்டது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் என்ன சொல்வேன்?

"மாமா, ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

பின்னால் மச்சினன். கையில் டார்ச்.

அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். வால்வு அதன்பின் லேசாக மூடிக்கொண்டது. தொட்டி ஆறியதும் திறந்து பார்த்தோம். உள்ளே யாரும் இல்லை.

சில நாள் கழித்து ஃபிட்டர் சொன்னார். நான் சேர்வதற்கு முன்பு ஒருவன் அதே தொட்டியில் இறங்கியிருக்கிறான். பூட்டைத் திறக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்து, அறுத்துவிட்டு நீராவி விட்டார்களாம்.

மறுநாள் அவனை வெளியே எடுத்தபோது, சாவி அவன் இறுக மூடிய கைக்குள் இருந்ததாம். விரல்களைப் பிரிக்கவே முடியவில்லையாம்.