பஞ்சு அடைத்த ஏசி

அந்த ஏசி மெக்கானிக்கை எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். எந்தப் பெட்டியையும் திறக்கும் முன் கண்ணை மூடி அதன் ஓசையைக் கேட்பார்.

அன்று மதியம் தலையணை தைக்கும் அக்கா கூப்பிட்டிருந்தார். அறையெங்கும் பஞ்சு மிதந்தது. ஜன்னல் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, குளிர்ச்சிதான் இல்லை.

“ஊருக்கெல்லாம் தலையணை தைக்கிறேன், எனக்குத்தான் நாலு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல,” என்றார் அக்கா.

காதுக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். “கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்குக்கா. மூச்சுதான் முட்டுது.”

முன்மூடியைக் கழற்றினால், வடிகட்டி வலையே தெரியாமல் பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது. காற்று போக வழியின்றி உள்ளே குழாய்களில் பனி உறைந்திருந்தது.

“இன்னொரு தலையணைக்கே ஆகும் போலிருக்கே!” என்று அக்கா சிரித்தார்.

காதுக்காரர் ஏசியை அணைத்து, வலையைக் கழுவிக் காயவைத்தார். பனி சொட்டுச் சொட்டாக உருகியது. வெயில் கீற்றில் பஞ்சுத் துகள்கள் மீன்குஞ்சுகளாக நீந்த, நேரம் போவதே தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வலையை மாட்டி மறுபடி போட்டதும் ஜில்லென்று காற்று வந்தது.

“இப்ப எப்படிக்கா?”

திரும்பிப் பார்த்தார். பாதி தைத்த தலையணையில் கன்னம் வைத்து அக்கா உறங்கிவிட்டிருந்தார். அவர் விரலிடையில் இருந்த ஊசியை மெல்ல எடுத்து நூல்கண்டில் குத்தினார் காதுக்காரர். பிறகு குளிர் வெளியே போகாதபடி கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி படியிறங்கினார்.