கட்டிலைச் சுற்றிய திரை

வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்து நாகர்கோவிலில் இந்த ஃபிளாட்டை வாங்கியபோது, என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்.

"முதல்ல சாமானெல்லாம் போட்டு முடியுங்க. வீட்டுப் பிரதிஷ்டை அன்னைக்கு வாறேன். பிடிச்சா இருப்பேன். பிடிக்கல்லன்னா என்னை நிர்பந்திக்கப்பிடாது."

அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. கல்யாணமான மறுமாதமே நான் விமானம் ஏறிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. அந்த நாட்களும் கல்யாண வீடு, துக்க வீடு என்று ஓடிவிடும். பிள்ளைகள் இல்லை. தக்கலையில் தன் தம்பி வீட்டின் பின்னறையில் அவள் இருந்தாள். மழை பெய்தால் அந்த வீட்டுத் துணிகளையெல்லாம் அங்கேதான் கொண்டுபோய்க் காயப்போடுவார்கள். கதவை அடைத்துக்கொண்டு இருக்க ஓர் இடம் வேண்டும் என்று எத்தனையோ முறை போனில் சொல்லியிருக்கிறாள். அதை மனதில் வைத்துத்தான் இந்த வீட்டை வாங்கினேன்.

இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். மேலும் கீழும் உள்ள வீடுகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. வாங்கியவர்கள் இன்னும் வெளிநாட்டில் இருந்தார்கள். அவள் குள்ளம் என்பதால் சமையல் மேடையை இடித்துத் தாழ்த்திக் கட்டச் சொன்னேன். மீன் கழுவப் பின்பக்கம் தனித் தொட்டி வைத்தேன். பல்லி வராமலிருக்க எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. நாலு பேரிடம் பேசிக் கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

படுக்கையறைதான் மிச்சம். வேலை நடந்தபோது அங்கே பாய் விரித்துப் படுத்துப் பார்த்தேன். உறக்கம் வரவில்லை. சுற்றிலும் அவ்வளவு இடம் இருப்பது சந்தை நடுவே படுத்ததுபோல இருந்தது.

வளைகுடாவில் நாங்கள் தங்கிய தொழிலாளர் கேம்ப்பில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். அடுக்குக் கட்டில்கள். ஒவ்வொருவரும் தன் கட்டிலைச் சுற்றித் துணி கட்டியிருப்பார்கள். புதிதாக வருகிறவன் சோறு வைக்கப் பானை வாங்குவதற்கு முன் திரைக்குத் துணி வாங்குவான். உள்ளே சின்ன விளக்கு, ஒரு பலகைத் தட்டு, வேதப்புத்தகம், வீட்டுப் படம். திரையை இழுத்துவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். சூப்பர்வைசர்கூட வெளியே நின்று இருமுவார். என் அப்பா இறந்த செய்தி வந்ததும் அதற்குள் போய்த்தான் படுத்தேன். நான் வெளியே வரும்வரை ஒருவரும் திரையைத் தொடவில்லை. மனிதனுக்கு மனிதன் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

அதனால் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் செய்யச் சொன்னேன். ஆளுக்கொரு சுவர் ஓரம். ஒவ்வொன்றையும் சுற்றி மேலே கம்பி, கம்பியில் திரை. சுசீந்திரம் பக்கத்திலிருந்து வந்த தச்சர் டேப்பைப் பிடித்தபடி சிரித்தார்.

"இது என்னது அண்ணாச்சி? ஆஸ்பத்திரியில ஊசி போடுத எடத்துலல்லா இப்படி இருக்கும்."

"எனக்கு இப்படித்தான் பழக்கம்."

"செரி, ஒங்களுக்கு. மத்த கட்டிலுக்கும் என்னத்துக்கு?"

"அது அவளுக்கு."

"அக்காட்ட கேட்டியளா?"

கேட்கவில்லை. வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நினைத்தேன். அவள் திரைக்கு நீலப் பூப்போட்ட துணி வாங்கினேன். தலைமாட்டில் விளக்கு, மாத்திரை வைக்க ஒரு தட்டு, படுத்தபடியே எட்டும் ஸ்விட்ச். கேம்ப்பில் சூப்பர்வைசருக்குக்கூட அப்படி அமைந்திருக்காது.

புதுவீட்டை ஜெபித்துத் தொடங்கும் பிரதிஷ்டையன்று போதகரும் சபையாரும் வந்தார்கள். எங்கள் சபையில் அன்று ஒவ்வொரு அறையாகப் போய்ப் பாட்டுப் பாடி ஜெபிப்பார்கள். எந்த அறையையும் அடைத்து வைக்க முடியாது. அவள் தம்பியின் காரில் துணிப்பையுடன் வந்திருந்தாள். அடுக்களையில் மேடையைத் தடவிப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

படுக்கையறைக்குள் நுழைந்ததும் பாட்டின் சத்தம் குறைந்தது. அவளுடைய சின்னம்மா முறையுள்ள ஒருவர் பூப்போட்ட திரையை விலக்கி உள்ளே பார்த்தார்.

"ஏட்டி, இது ரெயில்ல ஏசி கோச்சு மாதிரில்லா இருக்கு. ஒனக்கு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?"

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போதகர் கண்களை மூடி, இந்தத் தம்பதியரின் ஐக்கியத்தை ஆசீர்வதியும் என்று ஜெபித்தார். பின்னாலிருந்து யாரோ சிரித்த சத்தம் கேட்டது. அவள் துணிப்பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள். தம்பி கீழே காரில் காத்திருந்தான். அவள் தன் கட்டிலில் போய் உட்கார்ந்து திரையை இழுத்துவிட்டாள். நான் வெளியே நின்றேன்.

"இங்க படுத்தா ஒங்க முகம் தெரியாதே," என்றாள் உள்ளிருந்து.

"கூப்பிட்டா கேக்கும்."

"கூப்பிட்டா கேக்கதுக்குப் போன் போதும்லா. இம்புட்டு வருசமும் ஒங்க சத்தம் மட்டுந்தானே கேட்டேன்."

"நீ கேட்டதுனாலதான் செய்தேன். ஒனக்குன்னு ஒரு எடம் வேணும்னு."

"நான் கதவு கேட்டது தம்பி வீட்டு ஆளுகளுக்கு. ஒங்களுக்கு இல்ல."

"கழத்திப் போட்டிருதேன்."

"என்னோடத கழத்துவிய. ஒங்களோடத?"

நான் என் கட்டிலின் திரையைப் பார்த்தேன்.

"திரை இல்லாம, நான் பக்கத்துல கெடந்தா, ஒங்களுக்கு ஒறக்கம் வருமா? சத்தியமாச் சொல்லணும்."

வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் போதகர் ஜெபித்துவிட்டுப்போன அறை. அவளும் சத்தியமாக என்று கேட்டுவிட்டாள்.

"வராது," என்றேன்.

அவள் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். அழவில்லை. கட்டில் விரிப்பில் தான் உட்கார்ந்த சுருக்கத்தைக் கையால் தடவிச் சரிசெய்தாள். விருந்துக்குப் போன வீட்டில் செய்வதுபோல இருந்தது.

"குழம்பு மிச்சமிருக்கு. ராத்திரி சூடாக்கிச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாளே அவள் கட்டிலின் கம்பியைக் கழற்றிவிட்டேன். என்னுடையதையும் கழற்றி, பல நாள் விழித்தே கிடந்து, மறுபடியும் மாட்டினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து பஸ்ஸில் வருவாள். மீன் கழுவுவாள், சமைப்பாள், எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். பொழுது சாய்வதற்குள் தக்கலைக்குப் பஸ் ஏறிவிடுவாள். பஸ் ஸ்டாண்டு வரை நான் கூடப் போவேன். இந்த வீட்டில் அவள் இன்னும் ஒரு ராத்திரியும் தங்கவில்லை. இருந்துவிட்டுப் போ என்று நானும் சொல்வதில்லை. சொன்னால் அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்பாள்.