கோள்களைத் தரையில் கொட்டிய படம்

இந்த ஊரில் ரொட்டிக்கடை திறக்கும் நேரத்தில் போடிநாயக்கனூர் மணக்கிறது. ஸ்வீடனின் மேற்குக் கரையில், வரைபடத்தில் கோத்தன்பர்க் என்றும் உள்ளூர்க்காரர் வாயில் யோத்தெபோரி என்றும் வழங்கும் இந்தத் துறைமுக நகரத்தில், ட்ராம் நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில் ஏலக்காயைக் கொரகொரப்பாக இடித்துப் போட்டு, மாவை முறுக்கிச் சுட்டு விற்கிறார்கள். பெயர் கார்டெமும்மபுல்லே, ஏலக்காய் பன். வந்த புதிதில் கடைப்பெண்ணிடம், "இது எங்கள் ஊர்ச் சரக்கு" என்று பெருமையோடு சொன்னேன். "அப்படியா, உங்கள் ஊரிலும் புல்லே சுடுவார்களா?" என்றாள். இல்லை, காயை வெளியூருக்கு அனுப்பிவிடுவோம் என்றேன். "பாவம், அப்புறம் உங்களுக்கு?" என்று கேட்டவள், உண்மையான இரக்கத்தோடு ஒரு புல்லேயைக் காசு வாங்காமல் கொடுத்தாள். பிறகு பொட்டலத்தைப் பார்த்தபோது காய் குவாத்தமாலாவிலிருந்து வந்தது தெரிந்தது. நான் பார்த்திராத அந்த நாட்டின் மீது அன்று முதல் எனக்குப் பொறாமை. பொறாமை எனக்குப் புதிதல்ல. விமானத்தில் எடைக் கட்டுப்பாடு இல்லாத ஒரே சாமான் என்பதால், ஊரில் வைத்திருந்ததை அப்படியே கொண்டுவந்துவிட்டேன்.

நான் போடி வட்டாட்சியர் அலுவலகத்தில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகள் இங்கே குடியுரிமை பெற்றுவிட்டாள். நானும் மனைவியும் எந்த விதியின் எந்த உட்பிரிவின்படி வதிவிட அனுமதி வாங்கினோம் என்பது தனிக் கட்டுரை. அதைப் படித்தால் வரத் துடிப்பவர்கள் வராமல் இருந்துவிடுவார்கள் என்பதால் எழுதவில்லை. எந்த நாட்டிலும் எந்த அலுவலகத்திலும் எந்தச் சன்னலில் முதலில் நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இதைத் தவிர எனக்கு வேறு திறமை எதுவும் இருப்பதாக என் மனைவி ஒப்புக்கொண்டதில்லை.

சென்ற இலையுதிர்காலத்தில் எங்கள் பகுதி நூலகத்தின் சுவரில் என் மச்சினனைப் பார்த்தேன். வெள்ளிநிறச் சட்டை, கொடுவாள் மீசை, நீட்டிய கையிலிருந்து உதிரும் மண். மனைவியின் தம்பி சௌந்தரபாண்டியேதான். வெளியான காலத்தில் ஏளனம் செய்யப்பட்டு இப்போது புதிதாக மதிக்கப்படும் படங்களை நூலகத்தின் திரைப்பட வட்டம் வரிசையாகத் திரையிடுகிறது. அதில் ஒரு தமிழ்ப்படம். அதன் சுவரொட்டியில்தான் அவன். மனைவி அதன் முன்னால் நின்று ரசித்துப் பார்த்துவிட்டு, "நீங்க இந்த ஊருக்கு வர என்னா அலைச்சல் அலைஞ்சீங்க. எந்தம்பியப் பாருங்க, பாஸ்போர்ட்டுகூட இல்லாம செவுத்துல ஏறி உக்காந்துட்டான்" என்றாள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய படம் பெரிய வெற்றி. வானத்தில் ஒரு மாபெரும் மண்டபம், அதில் கோள்களை ஏலம் விடுகிறார்கள், நாயகன் அந்த மண்டபத்தைத் தகர்க்கிறான். பிள்ளைகள் பல மாதங்கள் அந்த வெடிச்சத்தத்தை வாயால் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதே இயக்குநர் அடுத்து முன்கதை எடுத்தார்: அந்த மண்டபம் எப்படித் தோன்றியது? நாயகனின் அப்பா யாரையாவது அடிப்பார் என்று நம்பிப் போன கூட்டத்துக்கு மலையும் மூடுபனியும் ஒரு ஓட்டுக்கொட்டகையும் கிடைத்தன. கொட்டகையில் பஞ்சத்தில் அடிபட்ட சிறு கோள்களின் மக்கள் விதையையும் மண்ணையும் மாற்றிக்கொள்கிறார்கள். ஏமாற்று நடக்கிறது. அதைத் தடுக்க ஓர் அதிகாரி வந்து விதி எழுதுகிறார். நியாயமான விதி. அதில் ஓட்டை தெரிந்ததும் இன்னொன்று. அதுவும் நியாயம்தான். இப்படியே போய்க் கடைசியில், ஒரு விதியும் மீறப்படாமல், ஒரு கோள் அதில் வாழும் மக்களோடு சேர்த்து விற்கப்படுகிறது. யாரும் யாரையும் அடிக்கவில்லை. படம் முடிந்துவிடுகிறது. வில்லன் இல்லாத படத்தைப் பார்க்கவா காசு கொடுத்தோம் என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். போடித் திரையரங்கில் சௌந்தரபாண்டி வந்த காட்சிக்கு விசில் பறந்தது. இடைவேளையில் பாதி நாற்காலி காலியானது.

நானும் கிழித்தவன்தான். "ஆபீசுல பாக்குறது போதாதுன்னு இங்கயும் ஆபீசா?" என்று நான் கேட்டதற்குப் பின்வரிசையே சிரித்தது. ஆனால் என் எரிச்சலுக்குக் காரணம் வேறு. அந்தப் படத்தின் மலைக்காட்சிகள் போடிமெட்டுச் சரிவில் எடுக்கப்பட்டவை. அனுமதிகள் அனைத்தும் என் மேசையைக் கடந்து போனவை. வருவாய்த்துறைத் தடையின்மைச் சான்று, வனத்துறை, காவல்துறை, தீயணைப்பு, வாடகைக் குதிரைக்குக் கால்நடை மருத்துவர் சான்று என்று எதை எதற்கு முன்னால் வாங்க வேண்டும் என்று வழிகாட்டியவன் நான். இயக்குநர் இளைஞர், பணிவானவர். என் அறையில் நாள்கணக்கில் உட்கார்ந்து, நான் மற்றவர்களுக்குப் பதில் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். படம் தொடங்கும்போது நன்றி நவிலல் ஓடியது. சௌந்தரபாண்டியின் பெயர் தனித் திரையில் வந்தது. ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுத்தவர் பெயர்கூட வந்தது.

அவன் அப்படி என்ன செய்தான்? பொட்டிபுரத்துப் பக்கம் அடிவாரத்தில் படப்பிடிப்புக்காக லாரியிலிருந்து பெரிய பெரிய வெள்ளைக் குழாய்களை இறக்கினார்கள். நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்காக மலையைக் குடையப் போகிறார்கள் என்று ஊர் கொதித்துக்கொண்டிருந்த காலம். சிறிது நேரத்தில் நூறு பேர் லாரியைச் சூழ்ந்துவிட்டார்கள். நான் ஆணைகளின் நகல்களோடு ஜீப்பில் போய் இறங்கினேன்.

"ஐயா, இது சினிமா" என்றேன்.

"சினிமான்னு சொல்லித்தான் ஆரம்பிப்பாய்ங்க" என்றார் முன்னால் நின்ற விவசாயி. "இம்புட்டுப் பெரிய கொழாய வெச்சு என்னா சினிமா? எங்க தண்ணிய உறியவா?"

நான் ஒவ்வொரு ஆணையாக வாசித்துக் காட்டினேன். வாசிக்க வாசிக்கக் கூட்டம் இறுகியது. அப்போது சௌந்தரபாண்டி வந்தான். ஏலக்காய் வியாபாரி, பார்க்கிற எவரையும் உறவு சொல்லிக் கூப்பிடுகிறவன். "என்னா மாமா, வேலைவெட்டி இல்லையா?" என்று அந்த விவசாயியைக் கேட்டுக்கொண்டே ஒரு குழாயை ஒற்றைக் கையால் தூக்கித் தலைக்கு மேல் சுழற்றினான். தெர்மாகோல். கூட்டம் சிரித்துக் கலைந்தது. எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையிலும் அது இல்லை.

அதோடு விடவில்லை. இயக்குநரைப் போடியின் ஏலக்கூடத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒவ்வொரு சரக்குக்கும் மாதிரியாக ஒரு கை காய் வியாபாரிகளிடம் வரும். உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றை உடைத்து முகர்ந்து, விலை கேட்டுவிட்டு, மிச்சத்தைத் தரையில் போட்டுவிடுவார்கள். ஏலம் முடியும்போது தரை முழுக்கப் பச்சையாகக் கிடக்கும். அதன் மேல்தான் நடப்பார்கள். இயக்குநர் அதை அப்படியே படத்தில் வைத்தார். கோள்களை வாங்க வந்தவர்கள் தட்டில் வரும் மண்ணை உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, தரையில் கொட்டிவிட்டு அடுத்த தட்டுக்குக் கை நீட்டுகிறார்கள். முதல் வரிசையில் கை நீட்டுகிறவன் சௌந்தரபாண்டி. அந்தக் காலத்தில் அதிகம் கேலி செய்யப்பட்டது அந்தக் காட்சிதான். இன்று இங்கே இளைஞர்கள் கொண்டாடுவதும் அதைத்தான்.

நூலகத்தில் திரைப்பட வட்டத்தை நடத்தும் லினேயா நாங்கள் தமிழர்கள் என்று அறிந்து வந்து பேசினாள். சுவரொட்டியில் இருப்பது என் மச்சினன் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. என்னைக் கேட்கலாம், அனுமதிகளை எல்லாம் கொடுத்தவனே நான்தான் என்றும் சொன்னேன். அவள் கண்கள் விரிந்தன. "அப்படியானால் உங்கள் மச்சினரைக் காணொளியில் பேச வைக்க நீங்கள் அனுமதி வாங்கித் தர முடியுமா?" என்றாள். மொழிபெயர்க்கும் வேலையும் எனக்கே வந்தது. ஒரே ஒரு கணக்கில்தான் ஒப்புக்கொண்டேன். மேடையில் நிற்கப் போகிறவன் நான். அவன் எப்படியும் ஒரு வார்த்தையாவது மச்சானைப் பற்றிச் சொல்லுவான். என்னை யாரென்று தெரியாத இந்த ஊர், அந்தப் படத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று அன்றைக்காவது தெரிந்துகொள்ளும்.

சனிக்கிழமை காலை படத்தை மறுபடி பார்த்தேன். என்னிடம் கேட்டால், படம் மாறவில்லை, நான் சன்னலின் மறுபக்கத்துக்கு வந்துவிட்டேன். இந்த நாட்டில் என் கோப்பைக் கையாண்டவர்கள் அனைவரும் இனிமையானவர்கள். ஒருவரும் குரல் உயர்த்தியதில்லை. ஒவ்வொரு கேள்வியும் நியாயமானது. ஒவ்வொரு காத்திருப்புக்கும் காரணம் உண்டு. அதையெல்லாம் கடந்துவந்தவன் அந்தப் படத்தைப் பார்க்கும்போது வில்லன் எங்கே என்று கேட்க மாட்டான். திரையில் அந்த அதிகாரி, கையெழுத்துக்கு வந்து நிற்கும் கிழவனைப் பார்த்து, பேனா மூடியை மேசையில் மெல்லத் தட்டி, "எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது" என்று அன்பாகச் சொல்கிறபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் படத்தின் அத்தனை வெடிச்சத்தத்துக்கும் அந்தத் தட்டல் பதில் சொல்லிவிடுகிறது. வெடித்தால் மண்டபம்தான் விழும், முறை விழாது. இவ்வளவு பெரிய படத்தை எங்கள் மலையில், என் கண்ணெதிரே எடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை. ஏலக்காய் விற்கிறவனுக்குத் தெரிந்திருக்கிறது.

விளக்கு எரிந்தது. அதே திரையில் சௌந்தரபாண்டி தெரிந்தான். வீட்டு மொட்டைமாடி, பிளாஸ்டிக் நாற்காலி, பின்னால் மலை.

"மச்சான், நல்லாருக்கீங்களா? என்னா இப்படி எளைச்சுட்டீங்க? அக்கா சோறு போடுதா இல்லையா?"

அரங்கம் என் முகத்தைப் பார்த்தது. "உங்கள் அனைவருக்கும் வணக்கம் சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மூன்றாம் வரிசையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

லினேயா கேட்டாள்: பார்த்த மண்ணை ஏன் தரையில் கொட்டுகிறார்கள்? அது வெறுப்பா, சடங்கா?

"வெறுப்பெல்லாம் இல்லைங்க. கை காலியா இருந்தாத்தான அடுத்தத வாங்க முடியும்? பாத்தத திரும்பப் போட்டா அடுத்தவன் சரக்கோட கலந்து போகும்ல. அதான் கீழ போட்டுர்றது. யாரும் வேணும்னு மிதிக்கிறதில்ல. நடக்கும்போது மிதிபடும், அம்புட்டுத்தான்."

நான் மொழிபெயர்த்து முடித்தேன். ஓர் இளைஞன் அதை எழுதிக்கொண்டான். பிறகு கைதட்டினார்கள். அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வெளிவந்தது. ஆனால் அவர்கள் திரையைப் பார்த்துத் தட்டினார்கள்.

அடுத்த கேள்வி அந்த அதிகாரியைப் பற்றியது. அவ்வளவு மென்மையான, அவ்வளவு பயங்கரமான மனிதர் எங்கிருந்து கிடைத்தார்?

சௌந்தரபாண்டி தொடையில் தட்டிச் சிரித்தான். "அது நீங்கதான மச்சான்! டைரக்டர் தம்பி உங்க ரூம்புல நாள்கணக்கா உக்காந்து கெடந்துச்சுல்ல. ஒருநா வந்து, 'அண்ணே, ரொம்ப நாளா ஒரு கெட்டவனத் தேடுறேன், ஒருத்தனும் சரியா வரல. உங்க மச்சான் நல்ல மனுசன், அவர வெச்சே எழுதிர்றேன்'னுச்சு. பேனா மூடியத் தட்டுறதுகூட நீங்கதான். பேரப் போட்டா மனசு கஷ்டப்படுவீகன்னு நாந்தான் போட வேணாம்னுட்டேன். சொல்லுங்க, அவுககிட்டச் சொல்லுங்க."

மனைவியைப் பார்த்தேன். கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நான் இத்தனை வருடம் ஏங்கிய பங்கு அந்தப் படத்தில் இருந்திருக்கிறது, என் மச்சினனுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய பங்கு. அதையும் அவன்தான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான். என்னைக் காப்பாற்றும் உரிமைகூட அவனிடம்தான் இருந்தது என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்த ஊரில் இருந்த ஓர் அரசு அதிகாரியைப் பார்த்து எழுதினார்களாம்" என்றேன். "நல்ல மனிதராம்."

"அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா?" என்றாள் லினேயா.

நானே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளன் கேள்வியை உரியவரிடம் சேர்க்க வேண்டும், அதுதான் முறை. சேர்த்தேன்.

"என்னா மச்சான் இப்பிடிக் கேக்குறாக? இங்க எங்க இருக்கீங்க? நீங்கதான் போயிட்டீகளே."

"இல்லை, அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்கிறார்."

"அடடா" என்றாள் லினேயா, மனதார. "அவரை இங்கே அழைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்."

அப்போது சௌந்தரபாண்டியை வீட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "இந்தா வர்றேன், இருங்க மச்சான்" என்று எழுந்து போனான். கைபேசியை அணைக்கவில்லை. திரையில் காலி நாற்காலியும், அதற்குப் பின்னால் மலையும் மிஞ்சின. சரிவில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதுவும் படத்தின் ஒரு பகுதி என்று நினைத்தார்களோ என்னவோ, அரங்கில் யாரும் எழவில்லை. நான் திரைக்குப் பக்கத்திலேயே நின்று அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உட்கார எந்தச் சன்னலிலும் நிற்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அதை நெருங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் மலைச்சரிவு என் தோளிலும் சட்டைக் கையிலும் விழுந்து நெளிந்தது.

லினேயா அருகே வந்து முழங்கையை மெதுவாகத் தொட்டாள்.

"மன்னிக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா? உங்கள் நிழல் மலையை மறைக்கிறது."

தள்ளி நின்றேன். மலை முழுதாகத் தெரிந்தது.