மிலான் மகனின் கமரா

எங்கேயாவது ஒரு கமராவைக் கண்டால் சுவரோடு ஒட்டி நடக்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. நான் படிப்பது சுவீடனில். துணி துவைக்கும் அறையைப் பதிவுசெய்யப் போன், பஸ்ஸுக்குப் போன், வைத்தியரைப் பார்க்கப் போன் என்று வாழ்கிற நாடு. விடுதி வாசலில் தொங்கும் கமராவை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் எதையோ களவெடுத்தவள் மாதிரி ஒதுங்கிப் போவேன். இதை ஏதோ என் கொள்கை என்று நினைத்துத் தோழிகள் மரியாதை தருகிறார்கள். கொள்கையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. ஒன்பது வயதில், இத்தாலியின் பலெர்மோவில், ஒரு கோடை முழுக்க ஒரு கமராவுக்கு ஒளித்துத் திரிந்ததால் வந்த வினை.

அந்தக் கோடையில் அம்மாவின் வயிற்றில் ஒரு சின்னக் கட்டி இருப்பதாக அப்பா சொன்னார். அதை எடுத்துவிட்டால் சரியாம், கிட்டத்தட்டப் பல்லுப் பிடுங்குவது போலத்தானாம். நான் அப்படியே நம்பினேன். எனக்கும் பல்லுப் பிடுங்கியிருக்கிறார்கள், அன்றைக்கு ஐஸ்கிரீம்கூடக் கிடைத்தது. சுவீடனில் அம்மா வைத்தியசாலைக்குப் போய்த் திரும்பும்வரை நான் பலெர்மோவில் சித்தியோடு நிற்பது என்று முடிவாயிற்று. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. சீசா என்ற பகுதியில், பஸ் போனால் யன்னல் கண்ணாடி அதிர்கிற ஒரு மாடி வீட்டில், அவரும் சித்தப்பாவும் இருந்தார்கள். சித்தப்பா காலையில் உணவகத்துக்குப் போனால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். சித்தி லிபெர்த்தாத் தெருவில், சிஞ்ஞோரா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். என்னைத் தனியே வீட்டில் விடப் பயம். ஆகவே சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் தினமும் வேலைக்குப் போனேன்.

சிஞ்ஞோராவுக்கு என்னில் கொள்ளை ஆசை. பிரச்சினை அவருடைய மகன். மகன் மிலானில் பெரிய உத்தியோகம். சித்திக்கு முன் அந்த வீட்டில் வேலை செய்த பெண் தன் சொந்தபந்தங்களை எல்லாம் கூட்டி வந்து விருந்து வைத்தாராம். அதிலிருந்து, வேலைக்கு வருகிறவரைத் தவிர வேறொரு குருவியும் உள்ளே வரக்கூடாது என்று மகன் சட்டம் போட்டுவிட்டார். சட்டத்துக்குக் காவலாக வரவேற்பறைப் புத்தக அலுமாரியில், செத்துப்போன தகப்பனின் படத்துக்கும் மாதா சிலைக்கும் நடுவில், முட்டை வடிவில் ஒரு வெள்ளைக் கமராவையும் வைத்திருந்தார். அது கிர்ரென்று தலையைத் திருப்பும். மகன் அதற்குள்ளிருந்து பேசவும் செய்வார்.

“உன்னைக் கண்டாரெண்டால் என்ரை வேலை போச்சு, குஞ்சு,” என்று முதல் நாளே சித்தி சொன்னார். “வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போச்சு.”

பெர்மெஸ்ஸோ என்பது இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி அட்டை என்றும், அந்த வருடம் அதைப் புதுப்பிக்கச் சிஞ்ஞோரா வீட்டு வேலைப் பத்திரம் கட்டாயம் தேவை என்றும் சித்தப்பா எனக்கு விளக்கியிருந்தார். அட்டை போனால் சித்தியைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று மிச்சத்தை நானே சேர்த்துக்கொண்டேன்.

ஆனால் கமரா விஷயத்தில் அந்த வீட்டிலேயே கெட்டிக்காரி நான்தான். சுவீடனில் என் வகுப்புத் தோழி வீட்டில் இதே சாமான் இருந்தது. அவர்கள் அதை நாயைப் பார்ப்பதற்கு வைத்திருந்தார்கள். கீழே இருக்கும் பொட்டு விளக்கு பச்சையாக இருந்தால் யாரும் பார்க்கவில்லை, நீலமானால் யாரோ பார்க்கிறார்கள் என்று சித்திக்குச் சொல்லிக் கொடுத்தேன். சித்தி வாயைப் பிளந்தார். அதுவரைக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று அவர் தினமும் அந்த முட்டைக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு இடம் சோபாவுக்குப் பின்னால். சுவருக்கும் சோபாவுக்கும் இடையில் ஒரு பிள்ளை படுக்கும் அளவு இடைவெளி இருந்தது. கமராவின் கண் அங்கே எட்டாது. வைஃபை பெட்டியும் அங்கேதான் தரையில் கிடந்தது. படுத்தபடி போனில் விளையாடுவேன். எதிரே இருந்த கண்ணாடிக் கதவில் பொட்டு விளக்கின் நிறம் தெரியும். நீலமானால் ஒருதரம் தும்முவேன். உடனே சித்தி முகத்தை வேலைக்காரி முகமாக மாற்றிக்கொண்டு எதையாவது துடைப்பார். சிஞ்ஞோரா தலையைத் திருப்பாமல் சோபாவின் முதுகுக்கு மேலால் பிஸ்கட்டை இறக்குவார். அவருக்கு இது நல்ல விளையாட்டு. போனுக்குள் இத்தாலியனில் கிசுகிசுத்து, அது சுவீடிஷில் மாற்றித் தந்ததை எனக்குக் காட்டிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். எனக்கும் விளையாட்டுத்தான், இரவில் கண்ணை மூடினால் அந்த நீல விளக்கு வருவதைத் தவிர.

எங்கள் ஊர்க் கோயிலில் சப்பறத் திருவிழா நாளன்று காலையிலிருந்தே சித்தி சரியில்லை. கோப்பியைப் பொங்க விட்டார். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டோம். அடிக்கடி போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். சுவீடனில் எங்கள் ஆசிரியை அளவுக்கு மிஞ்சிப் போன் பார்ப்பது ஒரு நோய் என்று சொல்லித் தந்திருந்தார். சித்திக்கும் அது தொற்றிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சீசாவிலிருந்து புறப்பட முன் அப்பாவோடு கதைக்கும்போது, “அம்மாளாச்சியே பார்த்து வைச்ச நாள், அத்தான். பயப்பிடாதைங்கோ,” என்று சித்தி சொன்னது காதில் விழுந்தது. அம்மாளாச்சி எங்கள் ஊர்க் கோயில் அம்மன். சப்பறத்துக்கு அப்பா எதற்குப் பயப்படவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரில் மாலையாகும் நேரம், சித்தியின் மச்சாள் ஒருவர் கோயில் வீதியில் நின்று போனில் நேரலை தொடங்கினார். சித்தியின் போனில் அந்த மாதத்து டேட்டா முடிந்திருந்தது. வைஃபை பிடிப்பதோ வரவேற்பறையில் மட்டும். சித்தி அலுமாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் நின்று போனைத் திறந்தார். மேளச் சத்தம் கேட்டதும் சிஞ்ஞோராவின் கோழித்தூக்கம் கலைந்தது. எட்டிப் பார்த்தார். உயரமாக, விளக்குகளோடு, ஆட்களுக்கு மேலால் ஆடி வரும் சப்பறத்தைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பலெர்மோவிலும் தங்கள் ஊரைக் காக்கும் புனிதைக்கு ஜூலையில் தேர் இழுப்பார்கள் அல்லவா, அந்த ஊர்க்காரிக்கு இதை விளக்கவா வேண்டும். பெரிய தொலைக்காட்சியில் போடச் சொல்லி என் பக்கம் கையை ஆட்டினார். படுத்தபடியே நான் சித்தியின் போனை வாங்கித் தொலைக்காட்சியோடு இணைத்தேன். சிஞ்ஞோரா சத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினேன். பெரிய சத்தம் கேட்டால் கமரா தானாகவே மகனின் போனுக்குச் சேதி அனுப்பும் என்பது என் அறிவுக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. தோழி வீட்டு நாய் குரைக்காத நாய்.

திரையின் ஓரத்தில் கனடா, லண்டன், ஒஸ்லோ என்று எல்லா ஊர்களிலிருந்தும் கும்பிட்ட கைகள் மேலே மேலே ஓடின. ஐயர் கற்பூரத் தட்டைத் தூக்கினார். எங்கள் ஆட்கள் நேரலையைச் சும்மா பார்ப்பதில்லை. அங்கே தீபம் காட்டினால் இங்கே போனுக்கு முன்னால் நாங்களும் கற்பூரம் கொளுத்துவோம். சித்தப்பா வெள்ளிக்கிழமைகளில் செய்வதுதான். சித்தியும் கைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து, ஒரு கோப்பித் தட்டில் வைத்துக் கொளுத்தி, சிஞ்ஞோரா வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று காட்டத் தொடங்கினார். கண்கள் மூடியிருந்தன. உதடு மட்டும் அசைந்தது. சிஞ்ஞோரா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவில் பொட்டு நீலமானது.

தும்மினேன். மேளத்தில் கேட்கவில்லை. திரும்பவும் தும்மினேன். கமரா கிர்ரென்று தலையைத் திருப்பிச் சித்தியில் வந்து நின்றது. அதற்குள்ளிருந்து மகன் “மம்மா, மம்மா” என்று கத்தினார். பிறகு நெருப்பு என்றும் அணை என்றும் கத்தினாராம், அது சித்தி பின்னர் சொன்னது. எனக்குக் கேட்டது கோபம் மட்டும்தான், அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. சித்தி கண்ணைத் திறந்தார். ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை, அணைக்கவும் இல்லை. கற்பூரத்தை நாங்கள் வாயால் ஊதி அணைக்க மாட்டோம். அது தானாக எரிந்து முடியவேண்டும். அன்றைக்குக் கொன்றாலும் சித்தி அதை அணைத்திருக்க மாட்டார். கறுப்புப் புகை சுருண்டு மேலே போக, மகன் கத்தக் கத்த, அவர் நெருப்பை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார்.

சித்தியின் வேலை என் கண்முன்னால் எரிந்துகொண்டிருந்தது. அடுத்தது பொலிஸ்தான். இனி நானும் அகப்பட்டால் எல்லாம் முடிந்தது. கையை நீட்டினேன். வைஃபை பெட்டியின் வயர் தட்டுப்பட்டது. இழுத்தேன்.

மகனின் குரல் பாதிச் சொல்லில் நின்றது. சப்பறமும் பாதி வீதியில் நின்று, அதன்மேல் ஒரு வட்டம் சுழன்றது. நான் சோபாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எழுந்து நின்றதில்லை.

“நான் கழட்டிப்போட்டன், சித்தி. இனி அவருக்கு ஒண்டும் தெரியாது.”

சித்தி எரிந்து முடிந்த தட்டை மேசையில் வைத்தார். என் கையிலிருந்த தன் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் கண்டதில்லை.

“போடு. உடனை திருப்பிப் போடு.”

“போட்டால் அவர் பார்ப்பார், சித்தி.”

“பாக்கட்டும்.”

நான் அசையவில்லை. பயத்தில் சித்திக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுச் சோபாவுக்குப் பின்னால் குனிந்து வயரைத் தானே செருகினார். பெட்டியின் விளக்குகள் ஆடி அசைந்து ஒவ்வொன்றாக வந்தன. அந்த நேரம் பார்த்து வீட்டுத் தொலைபேசி அடித்தது. சிஞ்ஞோரா எடுத்து, மகனிடம் தன் சிசிலிப் பேச்சில் உரத்துச் சண்டை பிடிக்கத் தொடங்கினார். நான் பழைய இடத்துக்குள் புகப் பார்த்தேன். சித்தி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அறையின் நடுவில், கமராவுக்கு நேர் எதிரே, என்னையும் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி நின்றார். பொட்டு பச்சையாகி, உடனே நீலமாயிற்று.

போன் முணுமுணுத்தது. அப்பாவின் குரல் செய்தி. சித்தி அதைக் காதோடு வைத்துக் கேட்டார். கேட்டபடியே தரையில் இருந்துவிட்டார். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, என் தலையில் முகத்தை வைத்து, வாய்விட்டு அழுதார். கமரா கிர்ரென்று திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தது.

“விடுங்கோ, சித்தி. பார்க்கிறார்.”

“பாக்கட்டும், குஞ்சு. நல்லாப் பாக்கட்டும்.”

மகன் அந்தக் கிழமை முடிவில் விமானம் ஏறி வந்தார். கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகவே சித்தியை நிற்பாட்டினார். சிஞ்ஞோரா அன்றைக்குச் சாப்பிட மறுத்தும் பலிக்கவில்லை. சித்தி பிறகு படிக்கட்டுகள் கழுவினார், பல்லரோச் சந்தையில் ஒரு கடைக்குக் கீரை ஆய்ந்து கட்டிக் கொடுத்தார். பெர்மெஸ்ஸோ இழுபட்டு இழுபட்டு, அது கைக்கு வரும்வரை அவர் சுவீடனுக்கு வந்து அம்மாவைப் பார்க்க முடியவில்லை. எனக்கோ சித்தியில் கடுங்கோபம். நான் காப்பாற்றிக் கொடுத்த வேலையைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாரே என்று.

கட்டி சின்னதில்லை என்பதும், அந்த மத்தியானம் முழுக்க அம்மா சத்திரசிகிச்சை மேசையில் கிடந்தார் என்பதும், பிழைப்பார் என்று எந்த வைத்தியரும் அப்பாவிடம் வாய்திறந்து சொல்லவில்லை என்பதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கோடை முடிந்து வீடு திரும்பியபோது அம்மா சோபாவில் போர்வைக்குள் இருந்தார். மெலிந்து போயிருந்தார். பல்லுப் பிடுங்கினால் சாப்பிட முடியாதுதானே என்று நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முறைப்பாட்டைத் தொடங்கினேன். கமரா, கற்பூரம், நான் வயரை இழுத்தது, சித்தி அதைத் திருப்பிச் செருகிவிட்டுக் கமராவுக்கு முன்னாலேயே போனைப் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். தங்கச்சியின் வேலை போன கவலை என்று எனக்கு விளங்கியது.

“அழாதைங்கோ, அம்மா,” என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். “சித்திக்கு வேறை வேலை கிடைக்கும்.”

அதைக் கேட்ட பிறகு அம்மா இன்னும் கூட அழுதார். என் ஆறுதல் போதவில்லையாக்கும் என்று, நான் அதையே இன்னொரு தரம் சொன்னேன்.