பிள்ளையின் பக்கம் நின்ற அம்சவல்லி

ஒரகடம் பக்கம் வக்கீல் என்றால் நிலத்து வக்கீல்தான். கம்பெனிகள் வந்த நாளிலிருந்து பட்டா வழக்குக்கும் பாகப்பிரிவினைக்கும் பஞ்சமே இல்லை. அம்சவல்லியும் சீனியர் முனிரத்தினத்திடம் சில வருஷம் அதைத்தான் பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, காப்பகத்துக்கு வரும் பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் நலக் குழுவின் முன் பேசப் போனாள்.

"அங்க இன்னா கீதுன்னு போற?" என்றார் முனிரத்தினம்.

"நிலத்துக்குப் பேச ஊர்ப்பட்ட பேர் இருக்காங்க சார். அந்தப் பசங்களுக்கு யாரு இருக்கா?"

குழுவில் அவளைக் கண்டாலே முகம் சுளித்தார்கள். எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும் நேரத்தில் எழுந்து, "பிள்ளையக் கேட்டீங்களா?" என்பாள். அதனால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும்.

போன வருஷம் செல்வலட்சுமியின் வழக்கு வந்தது. பதினைந்து வயது, கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். பெற்றோர் இல்லை, வளர்த்தது தாய்மாமன் பேச்சிராஜ். தன் மகனுக்கே அவளைக் கட்டிவைக்க அவர் நாள் பார்த்தபோது, பஸ் ஏறி அக்கா கனகலட்சுமியிடம் வந்துவிட்டாள். அக்காவுக்கு இங்கே செல்போன் கம்பெனியில் வேலை. அக்கா தங்கியிருந்த ஹாஸ்டலின் வார்டன் குழுவுக்குத் தகவல் கொடுக்க, தங்கையைக் காப்பகத்தில் சேர்த்தார்கள்.

கல்யாணப் பேச்சே இல்லை என்று விசாரணையில் சாதித்தார் பேச்சிராஜ். "ரெண்டு புள்ளைகளுக்கும் சோறு போட்டு வளத்தவன் நான்."

குழுத் தலைவர் தலையாட்டினார். மாமாவுக்குச் சொந்த வீடு, குடும்பம். அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, நைட் ஷிஃப்ட், ஹாஸ்டல் கட்டில்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேளுங்க சார்," என்றாள் அம்சவல்லி.

"பதினஞ்சு வயசுல அதுக்கு என்னம்மா தெரியும்?"

"கல்யாணம் கட்ட அந்த வயசு போதும்னு நெனச்சவர்கிட்டயே அனுப்புறீங்க. வேணாம்னு சொல்ல மட்டும் வயசு பத்தலையா?"

அம்சவல்லியை வெளியே போகச் சொன்னார்கள். மாமாவிடம் ஒப்படைக்க உத்தரவானது.

அன்றே அம்சவல்லி காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தாள். தடையுத்தரவை வாங்கிக்கொண்டு காப்பகத்துக்கு ஓடியபோது பேச்சிராஜின் வேன் வாசலில் நின்றது. செல்வலட்சுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நா வரமாட்டேன் மாமா, வரமாட்டேன்னு சொல்லுதேம்லா," என்றபடி அசையாமல் நின்றாள். அம்சவல்லி வேனுக்கும் வாசலுக்கும் நடுவே நின்று உத்தரவை நீட்டினாள்.

"பொம்பளப் புள்ளய குடும்பத்துலேருந்து பிரிக்கீகளே, நல்லாருப்பீகளா?"

"நல்லா இருக்கேனா இல்லையான்னு அப்புறம் பாக்கலாம். வண்டிய எடுங்க."

தங்கையைத் தன்னுடன் வைத்துக்கொள்ளக் கனகலட்சுமி வீடு தேடி அலைந்தாள். கல்யாணமாகாத வெளியூர்ப் பெண்கள் என்றதும் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் வாலாஜாபாத்தில் மரகதம் என்ற தையற்காரம்மாள் மாடி அறையைக் கொடுத்தாள். ஷிஃப்டை மாற்றச் சூப்பர்வைசர் மறுக்க, கனகலட்சுமி அந்த வேலையையே உதறிவிட்டுத் தண்டலம் பக்கம் பகல் வேலையில் சேர்ந்தாள்.

நீதிபதி செல்வலட்சுமியைத் தன் அறைக்கு அழைத்துத் தனியே பேசினார். "அக்காவுக்குச் சரியா சமைக்க வராது. ஆனா என்னை யாருக்கும் குடுத்துற மாட்டா," என்றாளாம். குழுவின் உத்தரவு ரத்தாகி, அவள் அக்காவுடன் போனாள். இப்போது வாலாஜாபாத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். கணக்கில் மட்டும் தகராறு.

குடும்பத்தைப் பிரித்ததாக அம்சவல்லி மீது பேச்சிராஜ் பார் கவுன்சிலில் கொடுத்த புகார் இன்னும் நடக்கிறது. மன்னிப்புக் கேட்டு எழுதினால் முடித்துக்கொள்ளலாம் என்று அவர் தரப்பிலிருந்து ஒருவர் தூது வந்தார்.

"எழுதமாட்டேன்," என்றாள் அம்சவல்லி. "போய்ச் சொல்லுங்க."